பிள்ளையின் உடல் மாறும் காலம்



இம்மாதம் எமக்கு வந்த கடிதங்களில் ஒன்றுக்கே இப்பக்கங்களின் பெரும்பகுதியை ஒதுக்குகிறோம். எழுதியவர் வன்னியில் வசிக்கும் ஒரு தாய். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்த்துள்ளோம். கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

“அவர் 2009இல காணாமல் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் வைச்சுக்கொண்டு நான் தையல் மெசினை நம்பித்தான் இருந்தனான். மூத்தவள் கலியாணம் முடிச்சுப் போட்டாள். இளையவனுக்கு இப்ப 21 வயது. சின்ன வயசிலயே அக்காவின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவான். போன வருசம் தான் ஒரு பொம்பிளைப் பிள்ளை எண்டு எனக்குச் சொன்னான். நான் ஒரு கிழமையா அழுதன். பிறகு ரெண்டுபேருமாப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மனநல டொக்டரைக் கண்டம். இப்ப ஐஞ்சு மாசமாக் குளிசை எடுக்கிறான். நெஞ்சு வைக்கத் தொடங்கியிட்டுது. கிணத்தடியில பக்கத்து வீட்டு அக்கா உத்துப் பார்க்கிறா. கோயில் திருவிழா வருகுது, சேட்டைக் கழட்டச் சொல்லுவினம். மாமி என்னெண்டால், கொள்ளி வைக்க இருந்த ஒரே பிள்ளையையும் துலைச்சுப் போட்டாய் எண்டு ஏசுறா. இதை எப்பிடி மறைக்கிறது? மறைக்கத்தான் வேணுமோ?”

சகோதரி, நீங்கள் ஒரு கிழமை அழுதுவிட்டு எட்டாம் நாள் பிள்ளையோடு வைத்தியசாலைக்குப் போயிருக்கிறீர்கள். இந்த இடத்தில் பல குடும்பங்கள் கட்டாடியாரிடமும் சாத்திரியாரிடமும் போய்க் காசையும் காலத்தையும் செலவழித்துவிடுகின்றன. சில வீடுகளில் அடி விழுகிறது. அதனால் பாதி வழியை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

இது பைத்தியமோ பழக்கதோஷமோ அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய நோய் வகைப்பாட்டில், இந்த நிலையை மனநோய்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எமது நாட்டிலும் 2016இல் சுகாதார அமைச்சு இதற்கெனச் சுற்றறிக்கை வெளியிட்டது. அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறோம்.

உங்கள் கடிதத்தில் “அவன்” என்றே எழுதியிருக்கிறீர்கள். பழகிய நாக்கு ஒரே நாளில் திரும்பாது. ஆனால் எமது பேச்சில் “பிள்ளை” என்றொரு நல்ல சொல் இருக்கிறது. அதற்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. “பிள்ளை, சாப்பிட்டியோ?” என்று கேட்டால் மாமிக்கும் குறை தெரியாது, பிள்ளைக்கும் மனம் நோகாது. இந்தப் பகுதியிலும் நாம் அந்தச் சொல்லையே பாவிக்கிறோம்.

உடலில் நடப்பது உங்களுக்குப் புதிதல்ல. மூத்த மகள் பெரியபிள்ளையாவதற்கு முன் இரண்டொரு வருடங்கள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பாருங்கள். காம்புக்குக் கீழே ஒரு சிறு கட்டி போல வரும், தொட்டால் நோகும், ஒரு பக்கம் முந்தியும் மற்றப் பக்கம் பிந்தியும் வரும். ஈஸ்ரோஜன் என்ற ஹோர்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கும் இதுவேதான் நடக்கிறது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கும். முழு வளர்ச்சிக்கு இரண்டு, மூன்று வருடங்கள் செல்லும். அதே காலத்தில் தோலின் எண்ணெய்த்தன்மை குறையும், தசை இறுக்கம் தளரும், இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு மெல்ல மெல்லச் சேரும். உடம்பு மயிர் மெலிவதற்கு இன்னும் கூடுதலான காலம் வேண்டும். உயரம், தோள் எலும்பு, குரல் ஆகியவற்றில் குளிசை எந்த மாற்றமும் செய்யாது.

ஒரு விடயத்தைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து விளங்கிக்கொள்ள வேண்டும். குளிசையை நிறுத்தினால் தோலும் கொழுப்பும் பழையபடி மாறக்கூடும். ஆனால் வளர்ந்த மார்பு தானாகக் கரையாது. அதேபோல எதிர்காலத்தில் தன் விந்தால் பிள்ளை பெறும் ஆற்றலும் குறைந்துபோகலாம், சிலருக்குத் திரும்பி வராமலும் போகலாம். இதுபற்றி வைத்தியர் முதலிலேயே கதைத்திருப்பார். கதைக்கவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில் நீங்களே கேளுங்கள்.

இனி மறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். அதைத் தீர்மானிக்க வேண்டியது பிள்ளைதான். யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவருடைய உரிமை. ஆயினும் சொல்வதற்குத் தயாராகும்வரை ஊர்க் கண்ணிலிருந்து கொஞ்சம் ஒதுங்கியிருப்பதில் பொய்யுமில்லை, வெட்கமுமில்லை. உடம்பை ஊர் உற்றுப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பது எமது பெண்களுக்குத் தெரியாததல்ல. செயற்கைக் காலோடு சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். முகத்தில் செல் துண்டு பட்ட தழும்போடு மாப்பிள்ளை வீட்டார் முன் இருந்தவர்களுக்குத் தெரியும். புனர்வாழ்வு முடித்து வந்து, கட்டையாய் வெட்டிய தலைமயிர் வளரும்வரை முற்றத்துக்கு வரவே கூசிய பிள்ளைகளுக்கும் தெரியும்.

வெளியில் போகும்போது ஓரளவு தடித்த துணியில் கோடு அல்லது கட்டம் போட்ட சேட் நல்லது. கடும் நிறமாக, இரு பக்கமும் பொக்கற் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. உடம்போடு ஒட்டும் ரீசேட்டும், வெள்ளைத் துணியும் உள்ளதை எடுத்துக் காட்டும். உள்ளே ஒரு பருத்திப் பெனியன் போட்டால் காம்பு துணியில் உரசி நோவதும் குறையும். ஆனால் ஒரேயடியாக இரண்டு அளவு பெரிய சேட் வாங்கிப் போட்டால் “ஏன் இவன் மெலிஞ்சு போனான்?” என்று அதற்கொரு கதை கிளம்பும். தோள் சரியாக இருந்து, நெஞ்சில் மட்டும் சற்றுத் தளர்வாக இருக்கும்படி தைத்துக் கொடுங்கள். கையில் மெசின் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிணற்றடிதான் சிக்கலான இடம். நனைந்த துணி எதையும் மறைக்காது. இதுவரை சாரத்தோடு திறந்த மேலாய்க் குளித்த பிள்ளை திடீரென்று குறுக்குக்கட்டுக் கட்டினால் பக்கத்து வீட்டு அக்கா பார்க்காமல் என்ன செய்வா? கறுப்பு ரீசேட்டோடு குளிப்பது ஒரு வழி. அதைவிட, கிணற்றுக்கும் வேலிக்கும் இடையில் கிடுகோ தகரமோ வைத்து நான்கு பக்கமும் ஒரு மறைப்புக் கட்டிவிடுங்கள். ஆண் துணையில்லாத வீட்டில் அது உங்களுக்கும் தேவையான ஒன்றுதான். எனவே யாரும் காரணம் கேட்கப்போவதில்லை.

கேட்டால் என்ன சொல்வது? “மருந்து எடுக்கிறது, அதால வந்தது. டொக்டர் பார்க்கிறார்.” அவ்வளவு போதும். அது முழு உண்மையும்கூட. சில மருந்துகளால் நெஞ்சு வீங்குவதும், பருவ வயதுப் பொடியன்களுக்கு மருந்தே இல்லாமல் கொஞ்சக் காலம் வீங்கி வற்றுவதும் வைத்தியர்கள் நன்றாக அறிந்த விடயங்கள். மேலும் விளக்கம் கேட்கும் உரிமை அயலவருக்கு இல்லை.

கோயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்லூர் போன்ற கோயில்களில் ஆண்கள் மேலாடை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். உங்கள் ஊர்க் கோயிலிலும் அப்படியானால், இந்த வருடம் பிள்ளை வெளிவீதியில் நின்று தேரைக் கும்பிடட்டும். வடம் பிடிக்கவோ, காவடி எடுக்கவோ நேர்த்தி இருந்தால் அதைத் தள்ளிவைக்கலாம். நாள் கடந்து செய்யும் நேர்த்தியைக் கடவுள் மறுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கழற்றச் சொல்லி வாசலில் ஒருவர் வற்புறுத்தினால் வாதாடாமல் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு நடுவில் பிள்ளையின் உடம்பு பேச்சுப் பொருளாவதைவிட அது எவ்வளவோ மேல்.

முகமயிர் பற்றிப் பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்காது. ஆனால் பெரும்பாலான திருநங்கைகளுக்கு மார்பைவிடக் கூடிய கவலை அதுதான். ஹோர்மோன் எடுத்தாலும் தாடி நின்றுவிடாது, சற்று மெலியும், அவ்வளவே. வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை ஊறவைத்து, கூரான புது பிளேட்டால், மயிர் வளரும் திசையிலேயே வழிப்பது நல்லது. எதிர்த்திசையில் இழுத்தால் மயிர் தோலுக்குள் சுருண்டு பரு வரும். ஒவ்வொன்றாகப் பிடுங்குவதும் அப்படியே. வழித்தபின் தெரியும் நீல நிழலை மறைக்க, செம்மஞ்சள் நிற உதட்டுச் சாயத்தில் ஒரு பொட்டளவு எடுத்து நன்றாகத் தேய்த்து, அதன்மேல் தோல் நிறப் பவுடர் போடுகிறார்கள். நீலத்தைச் செம்மஞ்சள் அடக்கும். லேசர் முறை கறுப்பு மயிருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் பல தடவை செய்ய வேண்டும், செலவும் கூட. அவசரமில்லை. தெருக் கடைகளில் விற்கும், பெயர் ஊர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்களை மட்டும் வாங்க விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொயிட்டும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது.

குரல் குளிசையால் மாறாது என்று சொன்னோம். பயிற்சியால் மாற்றலாம். பெரிய அரச வைத்தியசாலைகளில் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். கிளினிக் வைத்தியரிடம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனால் போதும். தொண்டையை இறுக்கிக் கீச்சுக் குரலில் பேசப் பழகினால் தொண்டைதான் புண்ணாகும்.

இப்போது எமக்கு உண்மையிலேயே பயம் தரும் விடயத்துக்கு வருகிறோம்.

மாற்றம் கெதியாய் வரவேண்டும் என்ற அவசரத்தில் பல பிள்ளைகள் வைத்தியர் தந்த அளவுக்கு மேலே எடுக்கிறார்கள். வைத்தியரிடமே போகாதவர்கள் பாமசியில் மிதுரி போன்ற கருத்தடைக் குளிசைகளை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்காக விழுங்குகிறார்கள். அந்தக் குளிசையில் இருப்பது எதினைல் ஈஸ்ரடயோல் என்ற வகை. பெண்கள் ஒரு நாளைக்கு ஒன்று எடுக்கும் சிறிய அளவில் அது பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. கூட்டி எடுத்தால் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். இந்தச் சிகிச்சைக்கு அவ்வகையைப் பாவிக்க வேண்டாம் என்று வைத்திய வழிகாட்டிகள் சொல்வது அதனால்தான். கூட்டி எடுத்தாலும் மார்பு கெதியாய் வளராது. வளர்ச்சிக்குரிய காலத்தை உடம்புதான் தீர்மானிக்கிறது.

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால், நெஞ்சு குத்தினால், திடீரென்று பார்வையோ பேச்சோ தடுமாறினால் விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், ஹோர்மோன் எடுக்கிறார் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். வெட்கத்தால் அதை மறைத்தால் வைத்தியர் வேறு வழியில் தேடிக்கொண்டிருப்பார். சிகரெட்டும் பீடியும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

ஈஸ்ரோஜனோடு ஸ்பைரோனோலக்ரோன் என்ற குளிசையும் தந்திருந்தால் சலம் அடிக்கடி போகும், எழும்பும்போது தலை சுற்றலாம். அது இரத்தத்தில் பொட்டாசியத்தையும் கூட்டும். இளநீரிலும் செவ்விளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. எமது பக்கத்தில் வெயிலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடிப்பதைப் பெரிய விடயமாக யாரும் எடுப்பதில்லை. இந்தக் குளிசை எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டபின் குடிப்பது நல்லது. முதல் வருடத்தில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். பஸ் காசைப் பார்த்து அதைத் தவறவிட வேண்டாம். பிள்ளையின் உடம்பில் செல் துண்டு இருந்தாலோ, முன்பு பெரிய சத்திரசிகிச்சை நடந்திருந்தாலோ அதையும் கிளினிக்கில் சொல்லிவைக்க வேண்டும்.

இதே மாதம் வேறொரு சகோதரியும் சுருக்கமாக எழுதியிருந்தார். அவருடைய தங்கையாகப் பிறந்து வளர்ந்தவர் இப்போது தம்பியாக வாழ விரும்பி ஊசி எடுக்கிறார். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பெண்களின் விடுதியில் தங்குகிறார். அவருக்கும் சில வரிகள்.

ரெஸ்ரோஸ்ரெரோன் ஊசியின் மாற்றங்களை மறைப்பது கடினம். சில மாதங்களிலேயே குரல் உடையத் தொடங்கும், அது பிறகு திரும்பாது. முகத்தில் எண்ணெயும் பருவும் வரும், மெல்ல மீசை அரும்பும். மாதவிடாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும். நின்றாலும் கரு தங்க முடியும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும், ஊசி கருத்தடை அல்ல. “தடிமனா?” என்று விடுதியில் கேட்பதற்கு ஒரு மாதம் பதில் சொல்லலாம், ஒரு வருடம் சொல்ல முடியாது. ஆகவே குரல் உடையும் முன்பே வேறு தங்குமிடம் பார்ப்பதும், நம்பிக்கையான மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் சொல்லிவைப்பதும் புத்தி.

மார்பை அமர்த்துவதற்கு அவர் குரேப் பண்டேஜ் சுற்றுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு விடும்போது அது விரிவதைவிட இறுகுவதுதான் கூட. விலா எலும்புக்குக் கேடு. ஒட்டும் ரேப்பும் வேண்டாம். இறுக்கமான விளையாட்டு உள்சட்டை ஒன்றும், அதன்மேல் பெனியனும், தளர்வான சேட்டும் போதுமானவை. இதற்கென்றே தைத்த கட்டுச்சட்டை கிடைத்தாலும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போடக்கூடாது. படுக்கும்போது கட்டாயம் கழற்ற வேண்டும். மெசினில் குனிந்தபடி வேலை செய்யும் நாட்களில் அதற்கும் முன்பே கழற்றுவது நல்லது. வியர்வையில் தோல் அவிந்தால் இரண்டு நாள் போடாமல் விடட்டும். நெஞ்சில் பழைய காயத் தழும்போ துண்டோ இருந்தால், வைத்தியரைக் கேட்காமல் எதையும் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

பத்திரங்களின் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்து நிறுத்தினார்கள். இன்று அந்த வரிசைகள் இல்லாவிட்டாலும் வங்கியிலும் பஸ்ஸிலும் பொலிசிலும் அடையாள அட்டையைப் பார்த்து முகத்தைப் பார்க்கிறார்கள். எமது அட்டை இலக்கத்திலேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களோடு பெண்களுக்கு 500ஐக் கூட்டியிருப்பார்கள். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

2016ஆம் ஆண்டின் சுற்றறிக்கைப்படி மனநல வைத்திய நிபுணர் ஒருவர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்த விண்ணப்பித்து, அதன்பின் புதிய அடையாள அட்டை எடுக்கலாம். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த குடும்பமானால், பிரதேச செயலகத்தில் பிரதி ஒன்றை எடுப்பதுதான் முதல் வேலை. புதிய அட்டை வரும்போது வங்கிப் புத்தகம், பரீட்சைச் சான்றிதழ், அஸ்வெசும பதிவு எல்லாம் பழைய பெயரில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். காணாமற்போன கணவர் தொடர்பான விண்ணப்பங்களில் பிள்ளையின் பெயர் இருந்தால் அதையும் ஒரு கொப்பியில் குறித்துவைத்து, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும். இவை முடியும்வரை, சிகிச்சையில் இருக்கிறார் என்று வைத்தியர் எழுதித் தந்த கடிதத்தின் பிரதி எப்போதும் பிள்ளையின் பையில் இருக்கட்டும். யாராவது உத்தியோகத்தர் அவமதித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

மாமியின் சொல் உங்களைச் சுட்டிருக்கிறது. அவவும் மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்தான். பேரனின் முகத்தில் மகனைக் கண்டுகொண்டிருந்திருப்பா. அந்த முகம் மாறுவது அவவுக்கு இரண்டாவது இழப்பு. அதனால் அவவோடு சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் கொள்ளிக் கதையை எடுத்தால் ஒன்று கேளுங்கள்: கொள்ளி வைக்க முடியாமல், குழிகூடத் தோண்ட முடியாமல் எத்தனை பேரை வழியில் விட்டுவிட்டு வந்தோம்? மகள் கொள்ளி வைத்த வீடுகளும் எமது ஊர்களில் இருக்கின்றன. இந்தப் பிள்ளை தொலையவில்லை. அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறது.

பிள்ளை சாப்பிடாமல், யாரோடும் கதைக்காமல் ஒதுங்கத் தொடங்கினாலோ, சாவைப் பற்றிக் கதைத்தாலோ தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். நீங்களும் எடுக்கலாம்.

உள்சட்டை அளவைக் கேட்டிருந்தீர்கள். மார்புக்குக் கீழே, மூச்சை விட்டபின், நாடாவைச் சுற்றி எடுங்கள். தோள் அகன்ற பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கும் சிறு பெட்டைகளின் உள்சட்டை சுற்றளவில் போதாது. பெரிய அளவு வாங்கினால் முன்பக்கம் தொங்கும். ஆகவே நீங்களே தைப்பதுதான் நல்லது. கழுவிச் சுருங்கிய பருத்தித் துணியை முன்பக்கம் இரண்டு மடிப்பாகப் போட்டு, கம்பியோ கொழுக்கியோ இல்லாமல், தோள்பட்டியை இரண்டு விரல் அகலமாக வையுங்கள். காம்பு படும் இடத்தில் தையல் வரக்கூடாது, உரசும். பக்கத் தையலில் கொஞ்சம் கூடுதலாகத் துணி விட்டுத் தைத்தால் ஆறு மாதம் கழித்துப் பிரித்துப் பெருப்பிக்கலாம்.